ஏசி போட்டால் சிக்னலில் முள் ஏறுகிறது

கேள்வி: என்னுடையது 2014 மாடல் 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். 86,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வேலூரிலிருந்து சென்னைக்கு ஏசி போட்டு 80, 90 வேகத்தில் வந்தால் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. பூந்தமல்லி தாண்டி டிராஃபிக்கில் மாட்டினால் 10 நிமிடத்தில் முக்கால் அளவுக்கு ஏறிவிடுகிறது. ஏசியிலும் வெறும் காற்றுதான் வருகிறது. ஏசியை அணைத்தாலோ, வண்டி கொஞ்சம் நகர்ந்தாலோ முள் இறங்கிவிடும். ஜனவரியில் முன்னால் போன வேனில் லேசாக இடித்து பம்பர் உடைந்தது. அப்போது ரேடியேட்டர் ஃபேனையும் மாற்றினார்கள். மார்ச்சில் கூலிங் போதவில்லை என்று ஏசிக்கு கேஸ் டாப்-அப் செய்தேன். கூலன்ட்டும் மாற்றியாகிவிட்டது. ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம் என்கிறார். இன்னொருவர் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார். மூன்றாமவர் ஹெட் கேஸ்கட் போயிருக்கும், ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார். ஃபேன் ஓடுகிறது, நானே பார்த்துவிட்டேன். நான் எதைச் செய்ய? அடுத்த மாதம் குடும்பத்தோடு ஏலகிரி போக வேண்டியிருக்கிறது.
வாசகர், வேலூர்

பதில்: மூன்றில் எதையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கால்வாசி விடை இருக்கிறது. மீதிக்கு ஒரு வெள்ளைக் காகிதமும் ஒரு மணி நேரமும் போதும்.

முதலில் அந்த 80 கி.மீ. வேகத்தை எடுத்துக்கொள்வோம். சிக்னலில் ஐடிலில் நிற்கும் எஞ்சினைவிட, ஏசியோடு 80-இல் ஓடும் எஞ்சின் பல மடங்கு பெட்ரோல் எரிக்கிறது, அதற்கேற்ப சூட்டையும் உண்டாக்குகிறது. அவ்வளவு சூட்டையும் உங்கள் ரேடியேட்டரும் வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்து வெளியேற்றிவிடுகின்றன. முள் நடுவைவிட்டு அசையவில்லை. உள்ளே அடைத்துக்கொண்ட ரேடியேட்டரும், பாதி திறந்து சிக்கிய தெர்மோஸ்டாட்டும் (கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் கதவு), எரிந்த ஹெட் கேஸ்கட்டும் (எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) நெடுஞ்சாலையில் இப்படி நல்ல பிள்ளையாக இருக்காது. அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும். வேகத்தில் இருந்து நின்றவுடன் இல்லாமல் போவது ஒன்றே ஒன்று: முன்னாலிருந்து அடிக்கும் காற்று. நின்ற வண்டிக்குக் காற்று கொடுக்க வேண்டியது ஃபேன் மட்டும்தான்.

இதில் ஏசி எங்கே வருகிறது? போனெட்டைத் திறந்து கிரில் பக்கமிருந்து பாருங்கள். முதலில் ஏசி கன்டென்சர், அதை ஒட்டிப் பின்னால் ரேடியேட்டர், அதற்கும் பின்னால் ஃபேன். காருக்குள்ளிருந்து உறிஞ்சிய சூடு, கம்ப்ரசர் அழுத்தியதால் கூடிய சூடு இரண்டையும் கன்டென்சர் ரேடியேட்டரின் முகத்திலேயே கொட்டுகிறது. வெளியில் 40 டிகிரி என்றால் கன்டென்சரைத் தாண்டி ரேடியேட்டருக்கு வரும் காற்று 55 டிகிரியைத் தொடலாம். கூலன்ட் 95 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். ஏசி இல்லாவிட்டால் காற்றுக்கும் கூலன்ட்டுக்கும் இடைவெளி 55 டிகிரி. ஏசி போட்டால் 40. சூடு இறங்குவதே அந்த இடைவெளியை நம்பித்தான். அதில் கால்வாசிக்கு மேல் அப்போதே போய்விட்டது. போதாததற்குக் கம்ப்ரசரைச் சுழற்றுகிற வேலையும் எஞ்சின் தலையில்தான். ஃபேன் முழு பலத்தோடு இழுத்தால் இதையெல்லாம் சமாளித்துவிடும், வடிவமைத்ததே அப்படித்தான். ஃபேன் அரை பலத்தில் இருந்தால், ஏசி அணைந்திருக்கும்வரை எதுவும் தெரியாது. ஏசி போட்டால் தெரிந்துவிடும்.

“ஃபேன் ஓடுகிறது, பார்த்துவிட்டேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலானோர் ஏமாறுவது இந்த வரியில்தான். ஃபேன் ஓடுவது வேறு, காற்றை இழுப்பது வேறு. எப்போது ஓட ஆரம்பிக்கிறது, எந்த வேகத்தில் ஓடுகிறது, எந்தத் திசையில் ஓடுகிறது என்ற மூன்றையும் பார்க்காமல் ஃபேனை விட்டுவிடக் கூடாது.

திசையிலிருந்து தொடங்குங்கள். ஜனவரியில்தான் ஃபேன் மாற்றியிருக்கிறது, அதனால் இங்கேதான் எனக்குச் சந்தேகம் அதிகம். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது வண்டியை நிழலில் நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஏசி ஆன், டெம்பரேச்சர் குமிழ் முழுக் குளிரில், பிளோயர் 3-இல். போனெட்டைத் திறந்துவையுங்கள். கம்ப்ரசர் கிளட்ச் “டக்” என்று பிடிக்கும் சத்தம் கேட்கும். இப்போது ஒரு முழு ஏ4 தாளை கிரிலுக்கு வெளியே, கன்டென்சருக்கு நேராகக் காட்டுங்கள். ஃபேன் ஒழுங்காக இழுத்தால் தாள் போய் ஒட்டிக்கொள்ளும், கையை எடுத்தாலும் விழாது. விட்டவுடன் சரிந்து விழுந்தால் இழுவை போதாது. தாள் உங்களை நோக்கிப் படபடத்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது.

அதெப்படித் தலைகீழாகச் சுற்றும்? ஃபேன் மோட்டார் சாதாரண டிசி மோட்டார். இரண்டு ஒயர் மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும். மாற்று மோட்டார் போடும்போது கப்ளர் (ஒயர் இணைப்பான்) பொருந்தாமல், பழைய கப்ளரை வெட்டி ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது நம் ஊரில் சகஜம். அப்போது ஒயர் மாறிவிட்டால் சத்தத்தில் வித்தியாசம் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. இறக்கையை முன்பின்னாகத் திருப்பி மாட்டினாலும் காற்று வெகுவாகக் குறைந்துவிடும். தலைகீழ் ஃபேன் எஞ்சின் பக்கத்துச் சூட்டை இழுத்து ரேடியேட்டர், கன்டென்சர் வழியாக முன்னே தள்ளும். வண்டி வேகமெடுத்தால் எதிர்க்காற்று அதை ஜெயித்துவிடும், முள் இறங்கிவிடும். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறியோடு இது அப்படியே பொருந்துகிறது.

மார்ச்சில் கூலிங் குறைந்ததும் இதனாலேயே இருக்கலாம். ஜனவரிக் குளிரில் ஏசிக்குப் பெரிய வேலை இல்லை, குறை தெரியவில்லை. வெயில் ஏறியதும் கன்டென்சர் ஆறாமல் கூலிங் விழுந்திருக்கும். கேஸ் குறையவில்லை, காற்றுதான் குறைந்தது என்றால், மார்ச்சில் ஏற்றிய கேஸ் அவ்வளவும் தேவைக்கு மேல். கேஸைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது நேரம். உங்கள் வகைக் கார்களில் பெரும்பாலும் கம்ப்ரசர் பிடித்த சில நொடிகளுக்குள் ஃபேனும் எழ வேண்டும், எஞ்சின் ஜில்லென்று இருந்தாலும் சரி. சில மாடல்களில் கேஸ் அழுத்தம் ஓரளவு ஏறிய பின்தான் எழும். அதற்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. நீங்கள் ஃபேனைப் பார்த்தது எப்போது? முள் ஏறிய பிறகு திறந்து பார்த்து “ஓடுகிறதே” என்று மூடியிருந்தால், அது எஞ்சின் கொதித்ததால் ஓடிய ஃபேன். ஏசிக்காக எழ வேண்டிய நேரத்தில் எழவில்லை என்பதே பழுதாக இருக்கலாம்.

அது எப்படி நடக்கும் என்றால், இந்தக் கார்களில் ஃபேனுக்கு வழக்கமாக இரண்டு வேகம் உண்டு. குறைந்த வேகத்துக்கு மின்சாரம் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகும், அதிக வேகத்துக்கு நேராகப் போகும். ஃபேன் கூட்டிலேயே திருகி வைத்திருக்கும் அந்த ரெசிஸ்டர் எரிந்துபோனால் குறைந்த வேகம் மொத்தமாகப் போய்விடும். ஏசி போட்டாலும் ஃபேன் எழாது. கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டி அதிக வேகத்துக்கான ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பிடிக்கும்போது திடீரென்று விமானம் போல இரைந்து எழும். இரண்டு ஃபேன் உள்ள சில கார்களில் குறைந்த வேகத்தில் இரண்டு மோட்டாரையும் சீரியலில் கோர்த்திருப்பார்கள். அங்கே ஒரு மோட்டார் செத்தால் இரண்டுமே நிற்கும். பார்ப்பவர் இரண்டையும் மாற்றச் சொல்வார். உங்கள் காரில் மாற்று ஃபேன் போட்டபோது ரெசிஸ்டரைச் சேர்க்காமல் ஒரே வேகத்துக்குக் கட்டிவிட்டார்களா என்றும் பாருங்கள்.

ரிலேயைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் வரைபடம் இருக்கும். ஃபேன் ரிலேயையும் ஹார்ன் ரிலேயையும் எடுத்து மேலே அச்சிட்ட எண்ணை ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் இடம் மாற்றிப் போடுங்கள். ஃபேன் எழுந்து ஹார்ன் ஊமையானால் வேலை முடிந்தது. அந்த நேரத்திலேயே ஃபேன் ஃபியூஸையும் ஃபேனுக்குப் போகும் கப்ளரையும் பாருங்கள். கப்ளரின் பிளாஸ்டிக் ஒரு மூலையில் பழுப்பேறி இளகியிருந்தால் உள்ளே பின் தளர்ந்து சூடாகிறது என்று பொருள். அதைச் சுரண்டிவிட்டு மீண்டும் மாட்டாதீர்கள், புதுக் கப்ளர் போடுங்கள்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது, வேகம். ஃபேன் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்தாலோ, புஷ் (அச்சைத் தாங்கும் வளையம்) இறுகினாலோ ஃபேன் சோம்பலாகச் சுற்றும். பேட்டரி கழற்றிய நிலையில் இறக்கையைக் கையால் சுண்டிவிடுங்கள். சரசரப்பில்லாமல் ஒன்றிரண்டு சுற்றாவது தானாக ஓடி நிற்க வேண்டும். அடுத்ததாக எலக்ட்ரீஷியன் ஃபேன் கப்ளரைக் கழற்றி, 30 ஆம்பியர் ஃபியூஸ் கோர்த்த தடித்த ஒயரால் பேட்டரியிலிருந்து டைரக்ட் கொடுத்துப் பார்க்கட்டும். டைரக்டில் சீறிக்கொண்டு ஓடும் ஃபேன் வண்டியின் ஒயரிங்கில் தூங்கி வழிந்தால் மோட்டாரில் குறை இல்லை. ரிலே, ரெசிஸ்டர், எர்த் இவற்றில் ஏதோ ஒன்று. கிளாம்ப் மீட்டர் இருந்தால் மின்னோட்டத்தையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த அளவுக் காரில் அதிக வேகத்தில் 10 முதல் 15 ஆம்பியர் வரை இழுப்பது வழக்கம். 20-ஐத் தாண்டினால் மோட்டார் இறுகுகிறது. 5, 6 மட்டும் இழுத்து மெதுவாகச் சுற்றினால் பிரஷ் முடிந்தது.

வோல்ட்டேஜை யாரும் பார்ப்பதில்லை, அதையும் பாருங்கள். இரவில் டிராஃபிக்கில் நிற்கும்போது ஹெட்லைட், பிளோயர், ஸ்டீரியோ எல்லாம் ஓடும். ஐடிலில் ஆல்டர்னேட்டர் திணறும். இவற்றையெல்லாம் போட்டுவிட்டு பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வைத்தால் 13.5 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. ஃபேன் கப்ளரில் அதைவிட அரை வோல்ட் குறைந்தால் பரவாயில்லை. அங்கே 11 வோல்ட்தான் வருகிறது என்றால், ஃபேன் கொடுக்க வேண்டிய காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஒயரிலேயே தொலைந்துவிட்டது.

கையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ஃபேன் தானாக எழும். சுண்டிப் பார்ப்பதாக இருந்தால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான். துப்பட்டா, தொங்கும் அடையாள அட்டைக் கயிறு, லுங்கி நுனி எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

ஃபேன் மூன்றிலும் தேறிவிட்டால் காற்று போகும் பாதையைப் பாருங்கள். கன்டென்சரின் முன்முகம் பளிச்சென்று இருக்கும், கழுவுபவர்கள் அங்கேதான் தண்ணீர் அடிப்பார்கள். அழுக்கு தங்குவது கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள விரற்கடை இடைவெளியில். பஞ்சு, பூச்சி, சாலைப் புழுதி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து அங்கே கம்பளி போலப் படிந்திருக்கும். மேல் பிராக்கெட்டின் போல்ட்டைக் கழற்றி ரேடியேட்டரைச் சற்றுப் பின்னே சாய்த்து, டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். ஃபேன் கூட்டைக் கழற்றிவிட்டு, எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கிச் சாதாரணக் குழாய்த் தண்ணீரை அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை அருகில் பிடித்து அடித்தால் தகடுகள் மடிந்து, அழுக்கைவிட மோசமாகப் பாதையை அடைத்துவிடும்.

பம்பர் வேலைக்குப் பின் காணாமல் போகும் இன்னொன்று, ரேடியேட்டரின் இரு பக்கத்திலும் மேலும் கீழும் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தடுப்புகளும் ஃபோம் பட்டைகளும். “சும்மா பிளாஸ்டிக்தானே” என்று பட்டறையில் விட்டுவிடுவார்கள். அவை இல்லாவிட்டால் ஃபேன் புதுக் காற்றை இழுக்காமல், எஞ்சின் பக்கத்துச் சூடான காற்றையே பக்கவாட்டு இடுக்கு வழியாகச் சுற்றிச் சுற்றி இழுக்கும். உங்களுடையதைப் போன்ற இன்னொரு வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு போனெட்டையும் திறந்து ஒப்பிட்டாலே எது குறைகிறது என்று தெரிந்துவிடும்.

இனி கேஸ். ஏசி கேஸ் எடைபோட்டு ஏற்ற வேண்டிய சரக்கு. உங்கள் காரின் போனெட்டுக்கு அடியிலோ முன் பலகையிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: ஆர்134ஏ, இத்தனை கிராம் என்று. சிறிய ஹேட்ச்பேக்குகளில் அது பெரும்பாலும் 350 முதல் 450 கிராமுக்குள். மொத்தமே அவ்வளவுதான் என்னும்போது கேஜைப் பார்த்து “இன்னும் கொஞ்சம்” என்று தட்டிவிடும் 100 கிராம்கூடக் கால்வாசி அதிகம். கேஸ் கூடினால் கன்டென்சரில் திரவம் தேங்கி, சூட்டை விடுவதற்கான இடம் சுருங்கும். அழுத்தம் ஏறும், கம்ப்ரசரைச் சுழற்ற எஞ்சின் இன்னும் உழைக்கும், ரேடியேட்டருக்கு இன்னும் சூடான காற்று வரும். வாக்கம் போடாமல் (உள்ளே உள்ள காற்றை பம்ப்பால் உறிஞ்சி எடுக்காமல்) கேஸ் ஏற்றினாலும் இதே கதைதான், உள்ளே சிக்கிய காற்று குளிர்ந்து திரவமாகாது, அழுத்தத்தை மட்டும் ஏற்றும்.

ஃபேன் சரியான பிறகு, ஏசி கேஸின் அழுத்தத்தை அளக்கும் மேனிஃபோல்ட் கேஜை மாட்டச் சொல்லுங்கள். வெளியில் 35 டிகிரி, ஐடில், ஏசி முழுக் குளிரில் என்றால் லோ சைடு (கேஸ் கம்ப்ரசருக்குள் வரும் பக்கம்) 30 முதல் 45 பிஎஸ்ஐ, ஹை சைடு (கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் பக்கம்) 200 முதல் 250 பிஎஸ்ஐ வாக்கில் நின்றால் ஆரோக்கியம். ஹை சைடு 300-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், கன்டென்சரின் முன்முகத்தில் கிரில் வழியாக ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கேஜின் முள் சடசடவென்று இறங்கிக் கூலிங் திரும்பினால் காற்றோட்டக் குறை இன்னும் தீரவில்லை. பெரிதாக இறங்காவிட்டால் கேஸின் அளவிலோ கலப்பிலோ சந்தேகம். அப்போது இருப்பதை மெஷினில் முழுக்க இறக்கி, அரை மணி நேரம் வாக்கம் போட்டு, ஸ்டிக்கரில் உள்ள கிராமைத் தராசில் வைத்து ஏற்ற வேண்டும். பில்லில் “கேஸ் சார்ஜ்” என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், எத்தனை கிராம் என்று கேட்டு வாங்குங்கள்.

டிராஃபிக்கில் வெறும் காற்று வருவதற்கும் இங்கேயே விளக்கம் இருக்கிறது. ஹை சைடு அழுத்தம் எல்லை மீறினால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரைத் துண்டித்துவிடும். கூலன்ட் சூடு எல்லை மீறினாலும் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) துண்டித்துவிடும். வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அதை ஏசிக் கோளாறு என்று நினைத்துக் கம்ப்ரசரை மாற்றியவர்கள் உண்டு.

இவ்வளவையும் செய்யும்போது டெம்பரேச்சர் முள்ளை நம்பாதீர்கள். இக்காலக் கார்களில் முள் நேர்மையான வெப்பமானி இல்லை. 75-இலிருந்து 100-க்கு மேல் வரை நடுவிலேயே நிற்கும்படி அதைக் கட்டியிருப்பார்கள். அது நகரும்போது நிலைமை ஏற்கெனவே கைமீறத் தொடங்கியிருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டிக் கணினியின் தகவலைப் படிப்பதற்கான ஓபிடி சாக்கெட் இருக்கும். புளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒன்றைச் செருகினால் கூலன்ட் டிகிரி போனிலேயே தெரியும். ஏசி இல்லாமல் ஐடிலில் விட்டால் எண் மெல்ல 95, 98 வரை ஏறி, ஃபேன் எழுந்து 4, 5 டிகிரி இறக்கிவிட்டு நிற்க வேண்டும். ஏசி போட்டு 20 நிமிடம் நிறுத்தினாலும் 100-ஐ ஒட்டி அடங்கிவிட்டால் வண்டி நலம். 105-ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டே இருந்தால் பழுது இன்னும் இருக்கிறது. 110-இல் சோதனையை நிறுத்தி ஏசியை அணையுங்கள்.

கூலன்ட் மாற்றியதாகச் சொன்னீர்கள், எதை ஊற்றினார்கள்? கான்சன்ட்ரேட் என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும், ரெடி மிக்ஸ் என்றால் அப்படியே ஊற்ற வேண்டும். ரெடி மிக்ஸில் மறுபடி தண்ணீர் கலப்பதும், கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றுவதும் இரண்டுமே தவறு. முழுக் கான்சன்ட்ரேட் தண்ணீர்க் கலவையைவிடக் குறைவான சூட்டைத்தான் கடத்தும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் அந்த உப்பு ரேடியேட்டர் குழாயிலும் அப்படித்தான் படியும். மாற்றியபின் ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று) எடுத்தார்களா என்பதும் முக்கியம். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஸ்டார்ட் செய்து, ஃபேன் இரண்டு முறை எழுந்து அணையும் வரை ஐடிலில் விட வேண்டும். குமிழி வர வர மட்டம் இறங்கும், நிரப்பிக்கொண்டே வர வேண்டும்.

ரேடியேட்டர் மூடி சின்னச் சாமான், ஆனால் அதன் வேலை பெரிது. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று பார் அளவு அச்சிட்டிருக்கும். அந்த அழுத்தம் நிற்பதால்தான் 100-இல் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 டிகிரி பக்கம் வரை கொதிக்காமல் தாங்குகிறது. ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ அதே அளவு எண் உள்ள புதிய மூடி போடுங்கள். வண்டி ஆறியபின் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால் மூடியின் வாக்கம் வால்வு சிக்கியிருக்கிறது.

இப்போது உங்கள் மூன்று மெக்கானிக்குகளுக்கு வருவோம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நம் ஊரின் பழைய கைவைத்தியம். அது ஏறக்குறைய 82 டிகிரியில் திறக்கும் கதவு. கழற்றிவிட்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் சூடேறாமல் ஓடும், ஈசியூ “இன்னும் எஞ்சின் சூடாகவில்லை” என்று பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும், மைலேஜ் விழும். பைபாஸ் பாதையை மூடும் வகைத் தெர்மோஸ்டாட்டாக இருந்தால் இன்னும் கேடு. அதைக் கழற்றியதும் கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும், சிக்னலில் சூடு முன்பைவிடக் கூடும். சந்தேகம் இருந்தால் புதியதாக ஒன்று போடுங்கள், வெற்றிடமாக விடாதீர்கள்.

ரேடியேட்டர் மாற்றுவதற்கு முன், இன்ஃப்ராரெட் வெப்பமானியால் அதன் முகத்தைக் கட்டம் கட்டமாக அளக்கச் சொல்லுங்கள். வெப்பம் படிப்படியாகக் குறைந்துகொண்டு போனால் குழாய்கள் திறந்திருக்கின்றன. நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்திருந்தால்தான் அடைப்பு.

ஹெட்டை இறக்குவது கடைசி வேலை. கசிவே தெரியாமல் கூலன்ட் குறைவது, காலையில் ஸ்டார்ட் செய்த இரண்டு மூன்று நிமிடத்தில் எஞ்சின் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, மூடி திறந்த ரேடியேட்டரில் இடைவிடாமல் குமிழி வருவது, எண்ணெய் மூடியில் பால் ஆடை போலப் படிவது, இவற்றில் எதையும் நீங்கள் எழுதவில்லை. அப்படியும் அவர் வற்புறுத்தினால், ரேடியேட்டர் வாயில் வைக்கும் கம்பஷன் லீக் டெஸ்டர் என்ற சின்னக் கருவி இருக்கிறது. அதிலுள்ள நீல நிறத் திரவம் மஞ்சளாக மாறினால் ஹெட் கேஸ்கட் வழியாகப் புகை கூலன்ட்டில் கலக்கிறது. நீலம் நீலமாகவே இருந்தால் ஸ்பேனரைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

நாலாவதாக ஒருவர் வந்து “ஃபேனை டைரக்ட் பண்ணி ஒரு சுவிட்ச் வைத்துவிடலாம்” என்பார். வேண்டாம். சுவிட்ச் போட மறந்தால் எஞ்சின் போகும், அணைக்க மறந்தால் பேட்டரி போகும், ரிலே இல்லாமல் இழுத்தால் ஒயரே போகும்.

ஏலகிரிக்கு வருகிறேன். மலையேற்றம் சிக்னலைவிடக் கடுமையான பரீட்சை. 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியரில் 20, 25 வேகத்தில் ஏறும்போது எஞ்சின் முழு உழைப்பில் இருக்கும், எதிர்க்காற்றோ கொஞ்சம்தான். நெடுஞ்சாலைச் சூடும் சிக்னல் காற்றும் ஒரே இடத்தில் சேர்கின்றன. அதனால் இந்தக் குறையைத் தீர்க்காமல் போகாதீர்கள். தீர்த்தபின், 20 நிமிட ஐடில் சோதனையில் 100-ஐ ஒட்டி நின்றால் தாராளமாகப் போகலாம். ஆனாலும் முதல் தடவை ஏறும்போது ஏசியை அணைத்து, ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே ஏறுங்கள்.

வழியில் 110-ஐத் தாண்டினால் ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டிலும் பிளோயரை முழு வேகத்திலும் வையுங்கள். உள்ளே வேகும், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். எண் இறங்காவிட்டால் ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். மூடியை முக்கால் மணி நேரத்துக்குத் தொடக் கூடாது. பிறகும் தடித்த துணி போட்டு, கால் சுற்றுத் திருகி, சீறல் அடங்கியபின் முழுக்கத் திறவுங்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். அப்போது அந்த மூன்றாவது மெக்கானிக் சொன்னது உண்மையாகிவிடும்.

ஃபேனும் கேஸும் சரியான பிறகும் எண் 105-ஐத் தாண்டினால் மறுபடி எழுதுங்கள். எழுதும்போது ஏசி போட்டு 20-ஆவது நிமிடத்தில் கூலன்ட் டிகிரி, ஃபேன் கப்ளரில் வோல்ட், ஹை சைடு பிஎஸ்ஐ, வெளி வெயில் எத்தனை டிகிரி என்ற நான்கையும் சேர்த்து அனுப்புங்கள்.